எலியும் அதன் ஒட்டுண்ணிகளும்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து ஆய்வுக்கூடங்களில் மலம், இரத்தம், சளி ஆகியவற்றை நுண்ணோக்கியில் பார்ப்பதே பல ஆண்டுகளாக என் தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும், எலி நடமாட்டம் கூடும் சம்பா அறுவடைக் காலத்திலும், சாக்கடை நிரம்பி வழியும் ஐப்பசி, கார்த்திகையிலும், தெருவில் பார்ப்பவர்கள் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதிப் பதில் சொல்லிவிட்டு நகர்வதைவிட, முழுவதையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. நான் மருத்துவன் அல்லன்; எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

1. ஒட்டுண்ணின்னா என்னங்க? கிருமின்னு சொல்றதும் அதுவும் ஒண்ணுதானே?

பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றுதான், மருத்துவத்தில் இல்லை. இன்னோர் உயிரின் உடலுக்குள்ளோ உடல்மீதோ தங்கி, அதன் செலவில் பிழைப்பது ஒட்டுண்ணி. மருத்துவ நூல்கள் இந்தப் பெயரில் மூன்று வகைகளை அடக்குகின்றன. அமீபா, மலேரியாக் கிருமி போன்ற ஒற்றைச் செல் உயிர்கள் ஒரு வகை. குடலிலும் ஈரலிலும் நுரையீரலிலும் வாழும் புழுக்கள் மற்றொரு வகை. பேன், தெள்ளு, உண்ணி போன்று தோல்மேல் வாழ்பவை மூன்றாம் வகை. பாக்டீரியாவும் வைரஸும் இந்தக் கணக்கில் வருவதில்லை.

இந்தப் பாகுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் மருந்துதான். பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் மருந்து நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. நாடாப்புழு மருந்து எலிக்காய்ச்சலைத் தொடாது.

2. அப்ப எலிக்காய்ச்சல் ஒட்டுண்ணி நோய் இல்லையா? பேர்லயே எலி இருக்கே!

இல்லை. அதை உண்டாக்குவது லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவப் பாக்டீரியா. அது எலியின் சிறுநீரகத்தில் தங்கி, எலிக்குப் பெரிய தொல்லை எதுவும் தராமல், சிறுநீர் வழியாக நீண்ட காலம் வெளியேறிக்கொண்டிருக்கும். அந்தச் சிறுநீர் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும் நாம் நிற்கும்போது, காலில் உள்ள சேற்றுப்புண், வெடிப்பு, கீறல் வழியாகவோ கண், வாய் வழியாகவோ உள்ளே நுழைகிறது. ஆடு, மாடு, நாய், பன்றி ஆகியவையும் இதைப் பரப்பக்கூடும்; ஆனால் ஊருக்குள் முதல் குற்றவாளி எலிதான்.

ஒட்டுண்ணி இல்லை என்றாலும் இதை இந்தப் பக்கத்திலிருந்து தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை. நாற்றங்காலிலும் வாய்க்காலிலும் வெறுங்காலோடு நிற்கும் மக்களுக்கு, எலியால் வரும் நோய்களில் உயிருக்கு உலை வைக்கக்கூடியது பெரும்பாலும் இதுவே. தண்ணீரில் நின்று ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலி, கண் சிவப்பு ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும்வரை காத்திருப்பதும், மஞ்சள் காமாலை என்று எண்ணிக் கீழாநெல்லியோடு நாள் கடத்துவதும் ஆபத்து.

3. எங்க வீட்ல ஓடுறது எந்த எலின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லா எலியிலயும் இந்தப் புழு இருக்குமா?

ஓட்டு வீட்டின் உத்தரத்திலும் மச்சிலும் ஓடுவது, உடலைவிட நீண்ட வாலுடைய வீட்டெலி. நன்றாக ஏறும், தரையில் வளை தோண்டுவதில் அதற்கு ஆர்வம் இல்லை. சாக்கடையில் தடித்த உடலும் குட்டை வாலுமாக இருப்பது பழுப்பு எலி. கொல்லையில் மண்ணைக் குவித்துப் போடுவது பெருச்சாளி. அதன் சிறிய உறவினம் ஒன்று வயல் வரப்பையும் நெல் கிடங்கின் தரையையும் ஒரே திறமையோடு குடையும். இவற்றை ஆங்கிலத்தில் ‘பாண்டிகூட்’ என்கிறார்கள். ‘பன்றி எலி’ என்று பொருள்படும் தெலுங்குச் சொல்லான ‘பந்திகொக்கு’தான் அப்படித் திரிந்தது. பெருச்சாளியின் உறுமலைக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் வியப்பளிக்காது. எல்லாவற்றிலும் சிறியது சுண்டெலி.

டெல்டாவில் நகரத்து எலி, வயல் எலி என்று கோடு கிழிப்பது கடினம். தெருவின் கடைசி வீட்டுக்குப் பின்னாலேயே வயல் தொடங்கிவிடுகிறது. அறுவடை முடிந்து வயலில் தீனி தீர்ந்ததும் எலிகள் வைக்கோல் போருக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் வருகின்றன. எந்த எலியில் எந்த ஒட்டுண்ணி இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நோயுற்ற எலி மெலிந்திருக்கும் என்பதும் உண்மையன்று; கொழுகொழுவென்ற எலியின் குடலிலும் நாடாப்புழு சுகமாக இருக்கும்.

4. மூஞ்சூறும் எலி ஜாதிதானே? பிள்ளையார் வாகனம், அடிக்கக் கூடாதுங்கறாங்க அம்மா.

மூஞ்சூறு எலியே அன்று. எலி கொறிக்கும் இனம். மூஞ்சூறு பூச்சி தின்னும் இனம். நீண்ட மூக்கும், கஸ்தூரி போன்ற நாற்றமும், சுவரோரமாகக் கீச்சிட்டுக்கொண்டே ஓடும் பழக்கமும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். கரப்பான்பூச்சியைத் தின்பதால் அம்மா சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆயினும் எலித்தெள்ளு அதன்மேலும் ஏறும் என்பதால், அடுப்படியில் அதற்கு இடம் தர வேண்டாம். அடிக்காமல் கதவைத் திறந்து வெளியே விரட்டினால் போதும்.

5. அரிசியில எலிப் புழுக்கை கிடந்தா பொறுக்கிப் போட்டுட்டுச் சமைக்கலாமா, இல்ல மூட்டையையே தூக்கிப் போடணுமா?

வீட்டுக்கு வீடு கேட்கப்படும் கேள்வி இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எலியின் குடலில் 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை வளரும் நாடாப்புழு ஒன்று உண்டு. ஹைமனோலெப்பிஸ் டிமினூட்டா என்பது அதன் பெயர். அதன் முட்டைகள் புழுக்கையோடு வெளியே வருகின்றன. ஆனால் அந்த முட்டையை நாம் நேரடியாக விழுங்கினாலும் அது நம் குடலில் புழுவாவதில்லை. மாவிலும் தானியத்திலும் ஓடும் செவ்வண்டோ, எலித்தெள்ளின் புழுப்பருவமோ அந்த முட்டையைத் தின்ன வேண்டும். அதன் உடலுக்குள் முட்டை அடுத்த நிலைக்கு வளர வேண்டும். பிறகு அந்த வண்டை நாம் விழுங்க வேண்டும். அப்போதுதான் புழு நம்மிடம் வந்து சேர்கிறது.

நெல் விற்கும் ஊர்க்காரர்களுக்குத் தரகர் என்றால் விளக்க வேண்டியதில்லை. எலியின் ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவற்றுக்கு நம்மிடம் வர ஒரு தரகர் தேவை. சிலவற்றுக்கு வண்டு, சிலவற்றுக்குத் தெள்ளு, சிலவற்றுக்கு நத்தை, ஒன்றுக்குப் பூனை. எலியை அடியோடு ஒழிக்க எந்த ஊராலும் முடிந்ததில்லை. தரகரை மறிப்பது நம் கையில் இருக்கிறது. இந்தப் பக்கத்தின் பாதிக் கேள்விகளுக்கு நான் இதைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லப்போகிறேன்.

மூட்டை விஷயத்துக்கு வருவோம். புழுக்கை ஓரிடத்தில் மட்டும் கிடந்தால் அந்தப் பகுதி அரிசியைத் தாராளமாக அள்ளி எறிந்துவிட்டு, மீதியைப் புடைத்து, களைந்து, கொதிக்கவைத்துச் சமைத்தால் முட்டையும் வண்டும் மிஞ்சாது. சிறுநீர் நனைத்துக் கட்டி பிடித்திருந்தாலோ, பரவலாகப் புழுக்கை கிடந்தாலோ மூட்டையையே விட்டுவிடுவது நல்லது. சமைக்காமல் தின்னும் பண்டங்களில்தான் கண்டிப்பு வேண்டும்: அவல், பொரி, பொட்டுக்கடலை, சத்துமாவு. குழந்தைகள் டப்பாவில் கைவிட்டு அள்ளித் தின்பவை இவையே. இந்தப் புழு பெரும்பாலும் குழந்தைகளிடம் காணப்படுவதும் அதனால்தான். பழைய பத்தாயத்தின் மூடி இறுக்கமாகப் பொருந்தியது அழகுக்காக மட்டும் அன்று.

6. புள்ளையோட மலத்துல நாடாப்புழு முட்டைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. இது எலிப்புழுவா, கறியில வர்ற புழுவா?

அறிக்கையில் ‘நாடாப்புழு முட்டை காணப்பட்டது’ என்று மட்டும் எழுதி முடித்துவிடும் வழக்கம் எனக்கு எப்போதுமே எரிச்சல் தந்தது. என்னோடு வேலை பார்த்தவர்களும் அப்படி எழுதியிருக்கிறார்கள். வேலை மிகுந்த நாள்களில் நானும் எழுதியிருக்கிறேன். எந்தப் புழு என்று கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

எலி நாடாப்புழுவின் முட்டை பெரியது. ஏறக்குறைய 70 முதல் 85 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருக்கும், மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். குள்ள நாடாப்புழுவின் முட்டை அதில் பாதியளவே. உள்ளுறையின் இரு முனைகளிலிருந்தும் மெல்லிய இழைகள் கிளம்பியிருக்கும். இந்த இழைகளைத் தேடித்தான் நாங்கள் இரண்டையும் பிரிப்போம். குள்ளப்புழுவின் நீளம் 15 முதல் 40 மில்லிமீட்டர்தான்; ஆனால் மனிதர்களிடையே மிகப் பரவலாக உள்ள நாடாப்புழு அதுவே. எலியிடமும் சுண்டெலியிடமும் அது உண்டு. ஆயினும் அதற்குத் தரகர் கட்டாயமில்லை. கழுவாத கையிலிருந்து வாய்க்குப் போனாலே போதும் என்பதால், பெரும்பாலும் ஒரு குழந்தையிடமிருந்தே இன்னொரு குழந்தைக்கு வருகிறது. முட்டை குடலுக்குள்ளேயே பொரித்து அதே ஆளிடம் பெருகுவதும் உண்டு. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வழியே வரும் நாடாப்புழுக்கள் மீட்டர் கணக்கில் வளர்பவை. அவற்றின் துண்டுகள் மலத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

எலிப்புழு, குள்ளப்புழு இரண்டுக்கும் மருத்துவர்கள் பிராசிகுவாண்டெல் என்னும் மருந்தைத் தருவார்கள். குள்ளப்புழு என்றால், சில வாரம் கழித்து மறுபடி மலத்தைப் பார்த்துக்கொள்வதும், வீட்டில் உள்ள மற்றக் குழந்தைகளைச் சோதிப்பதும் அவசியம்.

7. பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை கொடுத்தாங்களே, அது போதாதா?

2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளில் தரப்படும் அல்பெண்டசோல் மாத்திரை உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகிய மண்வழிப் புழுக்களைக் குறிவைத்தது. அதைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நாடாப்புழுக்களுக்கு அதை நம்பியிருக்க முடியாது.

8. நத்தை சாப்பிட்டா மூளைக்காய்ச்சல் வரும்னு செல்போன்ல போட்டிருந்தாங்க. நாங்க தலைமுறை தலைமுறையா சாப்பிடுறோமே, ஒண்ணும் ஆகலையே!

செய்தியில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதியை விட்டுவிட்டுப் பயமுறுத்துகிறது. எலியின் நுரையீரல் இரத்தக் குழாய்களில் வாழும் புழு ஒன்று 1935இல் சீனாவின் காண்டன் நகரத்து எலிகளில் கண்டறியப்பட்டது; மனிதரிடம் அது இருப்பது 1945இல் தைவானில் தெரியவந்தது. எலியின் மலத்தில் வெளிவரும் இளம்புழு நத்தைக்குள் புகுந்து வளர்கிறது. அந்த நத்தையை இன்னோர் எலி தின்னும்போது, முதலில் அதன் மூளைக்கும் பிறகு நுரையீரலுக்கும் செல்கிறது. நத்தையை மனிதர் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால், புழு மூளைவரை வந்து, அதற்குமேல் வழி தெரியாமல் அங்கேயே பெரும்பாலும் மடிகிறது. மடிகிற புழுவைச் சுற்றி உண்டாகும் அழற்சியே அந்த மூளை உறைக்காய்ச்சல். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவை அறிகுறிகள். தின்ற சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் அவை தொடங்கும். பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள், சிலருக்குக் கடுமையாகிவிடும்.

உங்கள் வீட்டில் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் உங்கள் சமையல்தான். வயல் நத்தையைக் கொதிநீரில் வேகவைத்து, ஓட்டிலிருந்து எடுத்துக் கழுவி, மறுபடி மிளகு போட்டு வதக்கும் முறையில் புழு பிழைக்க வழியில்லை. வயல் நண்டு ரசமும் அப்படியே. மூலத்துக்கு நல்லது என்று நத்தையைப் பச்சையாக விழுங்கச் சொல்வதும், நண்டைப் பச்சையாக இடித்துச் சாற்றைக் குடிப்பதும், உடும்பின் பச்சை இறைச்சியையும் இரத்தத்தையும் மருந்து என்று நம்புவதுமே ஆபத்தானவை. உடும்பைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு இந்த மூளை உறைக்காய்ச்சல் வந்தது கேரளத்தில் பதிவாகியிருக்கிறது. உடும்பைப் பிடிப்பதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது தனிக் கதை.

9. தோட்டம் பூரா பெரிய ஆப்பிரிக்க நத்தை. கீரையிலயும் ஏறிக் கிடக்கு. அந்தக் கீரையைப் பறிக்கலாமா?

8ஆம் கேள்வியில் சொன்ன புழுவுக்கு இந்த நத்தை மிகவும் தோதான தரகர். 1847இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது, இன்று நாடெங்கும் பரவிவிட்டது. கீரையைத் தாராளமாகப் பறிக்கலாம். ஆனால் கட்டாகத் தண்ணீரில் முக்கி எடுப்பது போதாது. இலை இலையாகப் பிரித்து ஓடும் நீரில் கழுவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய நத்தைக் குஞ்சும், ஓடில்லாத நத்தையும் இலையடியில் ஒட்டியிருக்கும் என்பதே இதற்குக் காரணம். வேகவைக்கும் கீரையில் அச்சமில்லை. பச்சையாக அரைக்கும் கொத்தமல்லி, புதினாவிலும், பச்சையாகச் சாறு குடிப்பவர்களின் வல்லாரையிலும்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

நத்தையை வெறுங்கையால் பொறுக்காதீர்கள். கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு பொறுக்கி, உப்புக் கரைசலில் போட்டுக் கொன்று, ஆழமாகப் புதையுங்கள். குழந்தைகள் அதை விளையாட்டுப் பொருளாக்குவதைக் கண்டால் தடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

10. பூனை வளத்துட்டா எலித் தொல்லையும் போயிடும், நோயும் போயிடும்தானே?

சுண்டெலி குறையலாம். வளர்ந்த பெருச்சாளியோடு மல்லுக்கு நிற்கும் பூனையை நான் கண்டதில்லை. நோயைப் பொறுத்தவரை கணக்கு வேறு. டாக்சோபிளாஸ்மா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி 1908இல் துனிசியாவில் ஒரு கொறிவிலங்கில் கண்டறியப்பட்டது. எலி உள்ளிட்ட பல விலங்குகளின் தசையிலும் மூளையிலும் அது தங்கும். ஆனால் அது முழுமையாக இனம்பெருக்குவது பூனைக் குடலில் மட்டுமே. இந்த ஒட்டுண்ணி ஏறிய எலிக்குப் பூனையின் வாடை மீதுள்ள இயல்பான அச்சம் குறைந்துவிடுகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. தானே போய்ப் பூனையிடம் மாட்டிக்கொள்ளும் எலியால் ஒட்டுண்ணிக்குத்தான் இலாபம்.

பூனையின் மலத்தில் வெளிவரும் அதன் முட்டை போன்ற உறை ஒன்று முதல் ஐந்து நாள்களில் தொற்றும் நிலையை அடைந்து, ஈர மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். மண் ஒட்டிய கை, கழுவாத காய், சரியாக வேகாத இறைச்சி ஆகியவை வழியாக அது நமக்கு வருகிறது. நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கு வந்த சுவடே தெரியாமல் அடங்கிவிடும். கருவுற்ற பெண்ணுக்குப் புதிதாக வந்தால் கருவைத் தாக்கக்கூடும். ஆகவே கர்ப்பிணிகள் பூனை மலத்தை அள்ள வேண்டாம். தோட்ட வேலைக்குப் பின் கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூனையை வீட்டைவிட்டுத் துரத்தத் தேவையில்லை. எலியைத் தின்னவிடாமல் சோறும் மீனும் போட்டு வளர்ப்பதே நல்லது. அப்படியானால் பூனை எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கும் பதில் தெரியாது; என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

11. வயக்காட்டு எலிக்கறி சாப்பிடுறது உண்டு. சில எலி ஈரல்ல வெள்ளை வெள்ளையா இருக்கே, அது என்ன?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பட்டாணி அளவில் நீர்க்கட்டி போலவும், கிழித்தால் உள்ளே சுருண்ட வெள்ளைப் புழு போலவும் இருந்தால், அது பூனை நாடாப்புழுவின் இளம்பருவம். பூனை தின்றால் பூனைக்குள் வளரும், மனிதருக்கு வராது என்றே சொல்லலாம். கட்டியாக இல்லாமல் மஞ்சள் கலந்த வெள்ளைத் திட்டுகளாகப் பரவியிருந்தால், ஈரலிலேயே முட்டையிட்டு மடியும் ஒரு வகை நூற்புழுவாக இருக்கலாம். அது மனிதரிடம் காணப்படுவது மிகவும் அரிது. எலியின் ஈரல் அழுகி மண்ணில் கலந்து, முட்டை பக்குவப்பட்ட பிறகே தொற்றும்.

எப்படியிருந்தாலும் ஈரல், குடல், நுரையீரல் ஆகியவற்றை நாய்க்கும் பூனைக்கும் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். தசையை நன்றாக வேகவைத்தால் புழு பற்றிய கவலை இல்லை. கவலை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. தோல் உரிக்கும்போது கையில் கீறல் இருந்தால் 2ஆம் கேள்வியில் சொன்ன எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரலாம். ஆகவே கையுறை வேண்டும். நச்சு இரை வைத்த வயலின் எலியை எவ்வளவு வேகவைத்தாலும் தின்னக்கூடாது. வயல்காரரைக் கேட்டுவிட்டு வளையை வெட்டுங்கள்.

12. மச்சுல எலி செத்த நாத்தம் வந்தப்புறம் ராத்திரி ஏதோ கடிக்குது. மூட்டைப்பூச்சியா?

எலி செத்த பிறகு தொடங்கியது என்றால், அதன்மேல் இருந்த தெள்ளும் மிகச் சிறிய எலி உண்ணியும் புது ஆள் தேடி இறங்கியிருக்கின்றன என்று கொள்ளலாம். உடல் சூடு அடங்கியதும் அவை எலியை விட்டு வெளியேறிவிடும். எலி உண்ணியின் கடி அரிப்போடு போய்விடும். எலித்தெள்ளு அப்படியன்று, எலித் தெள்ளுக் காய்ச்சலான மியூரின் டைபஸ் அதன் வழியாக வருகிறது. அதிலும் கடியைவிட, அது தோலில் விடும் எச்சத்தைச் சொறிந்து உள்ளே தேய்த்துவிடுவதுதான் காரணம். பிளேக்கும் இதே தெள்ளு வழியாகத்தான் பரவியது. 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்கின்போது எலி செத்து விழுந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதை மக்கள் அனுபவத்தால் கற்றிருந்தார்கள். தெள்ளின் பங்கை பால் லூயி சைமண்ட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1898இல் கராச்சியில் காட்டினார். இன்று டெல்டாவில் பிளேக் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. செத்த எலியைக் கையாளும் முறை மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றே. 16ஆம் பதிலில் சொல்கிறேன்.

13. உண்ணிக்காய்ச்சல்னு பேப்பர்ல போடுறாங்களே, அதுவும் எலியாலதானா?

பாதிதான் எலி. ஸ்க்ரப் டைபஸ் என்னும் அந்தக் காய்ச்சலைத் தருவது ஒரு வகைப் பாக்டீரியா. புதரிலும் வரப்புப் புல்லிலும் வாழும் நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் அது வருகிறது. அந்தப் பூச்சி தன் முட்டைகள் வழியாகவே பாக்டீரியாவை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடும். எலி அதற்குச் சோறு போடும் வீடு மட்டுமே. எலி மிகுந்தால் பூச்சி மிகும்.

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு உண்டாகலாம். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்புக் கயிறு படும் இடம், மார்பின் அடிப்பகுதி ஆகியவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒரு வாரக் காய்ச்சலோடு இப்படியொரு பொருக்கைக் கண்டால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்திலேயே அடங்கும் நோய் இது; தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துக்கொள்ளும்.

14. தூங்குறப்ப எலி விரலைக் கடிச்சுட்டுது. நாய்க்கடி ஊசி போடணுமா?

எலிக்கடிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி பொதுவாகத் தேவைப்படுவதில்லை. முடிவை மருத்துவரிடம் விடுங்கள். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவுவதும், டெட்டனஸ் ஊசி நிலுவையில் இருந்தால் போட்டுக்கொள்வதும் முதல் வேலை. புண் ஆறிய பிறகு சில நாள்களிலோ வாரங்களிலோ காய்ச்சலும், மூட்டுவலியும், தோல் தடிப்பும் வந்தால் அது எலிக்கடிக் காய்ச்சலாக இருக்கலாம். பாக்டீரியாவால் வருவது, பென்சிலினுக்கு அடங்குவது. கடிபட்டதைச் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது நினைவுக்கே வராது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன முதியவர்களை எலி கடிப்பது அவர்களுக்கே தெரிவதில்லை. கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகி வையுங்கள்.

15. எலி ரத்தத்துலயே ஏதோ நீந்துமாமே? அது மனுஷனுக்கு வருமா?

டிரிபனோசோமா லூயிசி என்னும் அந்த ஒட்டுண்ணியை 1878இல் கல்கத்தா எலிகளின் இரத்தத்தில் கண்டவர் திமோதி லூயிஸ். நுண்ணோக்கியில் அது வாலைச் சுழற்றி இரத்த அணுக்களைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் எளிதில் மறக்க முடியாது. எலித்தெள்ளுதான் தரகர். மனிதருக்கு வந்தது மிகச் சிலருக்கே. இந்தியாவில் கைக்குழந்தைகளிடம் பதிவாகியிருக்கிறது. தொட்டிலும் தூளியும் எலி ஓடும் உத்தரத்துக்கு நேர்கீழே இருக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

16. கிட்டி, கூண்டு, பசை அட்டை, மருந்து: எதை வைக்கிறது?

வயலுக்குத் தஞ்சாவூர்க் கிட்டியை மிஞ்சியது எனக்குத் தெரிந்து இல்லை; மூங்கில் வில்லும் கயிறும் தவிர அதில் நஞ்சு எதுவும் இல்லை. வீட்டுக்குக் கூண்டு. பசை அட்டையில் எலி உயிரோடு ஒட்டிக்கொண்டு, பயத்தில் சிறுநீர் கழித்தபடியே கிடக்கும் என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. ஈரலை அழிக்கும் அந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. அது பல குடும்பங்களில் எலியைவிடப் பெரிய இழப்பை உண்டாக்கியிருக்கிறது. நஞ்சு தின்ற எலி எங்கோ எட்டாத இடத்தில் செத்தால் 12ஆம் கேள்வியின் தொல்லையும் சேரும்.

செத்த எலியை உடனே தூக்காதீர்கள். முதலில் அதன்மேலும் சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் கரைசலையோ பினாயிலையோ ஊற்றிச் சிறிது நேரம் விட்டால் தெள்ளு அடங்கும். பிறகு கையில் மாட்டிய பிளாஸ்டிக் பையால் பிடித்து, பையைப் புரட்டி முடிந்து, ஆழமாகப் புதையுங்கள். புழுக்கையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல், நனைத்துத் துடையுங்கள். செத்த எலியை வாய்க்காலில் எறிவதை மட்டும் செய்யாதீர்கள்; அடுத்த தெருவில் அந்தத் தண்ணீரில் ஒருவர் கால் கழுவிக்கொண்டிருப்பார்.

17. நாங்க மட்டும் சுத்தமா இருந்து என்ன? கல்யாண மண்டபத்து எச்சில் இலை, சாக்கடை, நெல் மூட்டைன்னு தெருவே எலியா இருக்கே.

உண்மை. பெண் எலியின் கருக்காலம் 3 வாரந்தான் என்பதால், தீனி இருக்கும்வரை பிடிக்கப் பிடிக்கப் பிறந்துகொண்டேயிருக்கும். எச்சில் இலையை மூடிய தொட்டியில் போடவும், மூட்டைகளைக் கட்டை அடுக்கித் தரையிலிருந்து உயர்த்திச் சுவரிலிருந்து தள்ளி வைக்கவும் ஊராக வற்புறுத்தத்தான் வேண்டும். அதுவரை உங்கள் வீட்டு அளவில் செய்யக்கூடியது, விரல் நுழையும் பொந்துகளை எல்லாம் அடைப்பது. துணியையும் மண்ணையும் எலி கொறித்துவிடும். கம்பி வலையை உள்ளே திணித்துச் சிமெண்ட் பூச வேண்டும். சாக்கடைக் குழாயின் வாய்க்குச் சல்லடை மூடி போடுங்கள்.

18. டாக்டர் அஞ்சு நிமிஷம்தான் பார்க்கிறார். அவர்கிட்ட என்னன்னு சொல்றது? டெஸ்டுக்கு எப்படிக் கொடுக்கறது?

காய்ச்சல் என்றால், கடந்த ஒரு மாதத்தில் மழைத் தண்ணீரிலோ வயலிலோ நின்றீர்களா, எலி கடித்ததா, வீட்டில் எலி செத்ததா, உடலில் கருப்புப் பொருக்கு உண்டா என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். தலைவலியும் கழுத்து விறைப்பும் என்றால், நத்தை, நண்டு, உடும்பு எதையாவது பச்சையாகத் தின்றதை மறைக்காதீர்கள். திட்டுவார் என்ற பயத்தில் மறைப்பவர்கள் மிகுதி.

மலப் பரிசோதனைக்கு வாய் அகன்ற, உலர்ந்த, மூடியுள்ள டப்பாவில் எலுமிச்சையில் பாதியளவு போதும். சிறுநீரும் தண்ணீரும் கலக்கக் கூடாது. தீப்பெட்டியில் கொண்டுவருவதை நான் வேலையில் சேர்ந்த காலத்திலிருந்து பார்த்துவருகிறேன். ஈரம் முழுவதையும் அட்டை உறிஞ்சிவிடும், வேண்டாம். காலையில் எடுத்ததை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். புழு தினமும் ஒரே அளவில் முட்டை விடுவதில்லை என்பதால், முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் என இன்னும் இரண்டு முறை கொடுங்கள்.